செலண்டாரில் வானத்துக்குப் பட்டை போட்ட கதை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அரிசி மூட்டை கனத்தில் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து மலாக்கா மாநிலத்துச் செலண்டாருக்குப் போனேன். மலாக்கா என்றதும் சிவப்புக் கட்டடம், ஆற்றுப் படகு, பூச்சூடிய மூன்று சக்கர வண்டி என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இந்தப் பதிவை இப்போதே மூடிவிடலாம். நான் போன மலாக்காவில் எண்ணெய் எடுக்கும் செம்பனை இருந்தது, லோரி இருந்தது, தொழிற்சாலை வாசல் இருந்தது. மேலே வானம் இருந்தது. வேலை அதோடுதான்.

அழைத்தவள் ஸ்டெல்லா. பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழி. இப்போது செலண்டார் பக்கம் ஓர் இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, முடிக்கும் பிள்ளைகள் அடுத்த ஆண்டுக்கான பாடத்தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் நேரம் அது. இயற்பியல் தொகுப்புக்குக் குறைந்தபட்சத் தலைகள் சேராவிட்டால் வகுப்பே கிடையாது என்று பள்ளி சொல்லிவிட்டது. இன்னும் நான்கு பேர் தேவைப்பட்டார்கள். திங்கட்கிழமை காலை கடைசி. செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளில் விருப்பம் உள்ளவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களிடம் இரண்டு ஆண்டுகளாக ஒரே வாசகம்தான் சொல்லப்பட்டிருந்தது: "உங்களுக்கு அது கஷ்டம், வேறு எடுங்க." இதைச் சொன்னவர்களுக்கு அந்தப் பிள்ளைகளின் முழுப்பெயர்கூடத் தெரியாது. சிபாரிசு மட்டும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

"பேசிப் பேசி என் வாய் வலிக்குதுடி" என்றாள் ஸ்டெல்லா போனில். "நீ அந்த வானம் கேக்குற பெட்டியைத் தூக்கிட்டு வா. ஒன்னையாவது கண்ணால பார்க்கட்டும்லா."

பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணம் விளங்காது. பிரபஞ்சம் பிறந்து சில லட்சம் ஆண்டுகள் கழித்து, முதன்முதலாகத் தடையில்லாமல் கிளம்பிய ஒளி இன்றும் எல்லாத் திசையிலிருந்தும் நம்மேல் விழுந்துகொண்டிருக்கிறது. நீண்டு நீண்டு நுண்ணலையாகிவிட்டதால் கண்ணுக்குத் தெரியாது. இதற்குக் கீழே குளிரவே முடியாது என்று ஓர் எல்லை உண்டல்லவா, அதற்கு மூன்று டிகிரிகூட மேலே இல்லாத குளிர். அந்த ஒளியில் மிகச் சிறிய பங்கு ஒரு குறிப்பிட்ட பக்கமாக மட்டும் ஆடுகிறது. கயிற்றை மேலும் கீழுமாக ஆட்டலாம், இடமும் வலமுமாக ஆட்டலாம், அதுபோல. பாடப்புத்தகம் இதைத் தளவிளைவு என்கிறது. வானத்தின் எந்த மூலை ஒளி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று அளந்து வரைந்தால், பிரபஞ்சத்தின் தொடக்கக் கணத்தில் என்ன நடந்தது என்பதற்குத் தடயம் கிடைக்கலாம். அதற்காகத்தான் சிலியின் பாலைவன உச்சியிலும் தென் துருவத்திலும் கருவிகளை நட்டு வைத்திருக்கிறார்கள். ஒளியைச் சேர்க்க உலோகக் கொம்புகள். உள்ளே இரண்டிரண்டாக உணர்விகள், ஒன்று குத்தாக, ஒன்று கிடையாக. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை. சில கருவிகளில் முன்னால் ஒரு தட்டு சுழன்று, வரும் ஒளியின் ஆட்டத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். சுழற்சியோடு சேர்ந்து ஏறி இறங்குவதை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள்.

இதில் பெரும்பாடு தூரமும் அல்ல, குளிரும் அல்ல. கருவி தானே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வை வானத்தின்மேல் ஏற்றிச் சொல்லிவிடும். ஆகவே இந்தத் துறையில் பாதி வேலை வானத்தைப் பார்ப்பது. மீதிப் பாதி கருவியைச் சந்தேகப்படுவது.

நான் விஞ்ஞானி அல்ல. வெளிநாட்டுக் குழு ஒன்றுக்காக இந்தக் கொம்புகளைச் சோதித்து அனுப்பும் ஆய்வகத்தில் ஒப்பந்தத் தொழில்நுட்பர். என் கை பட்ட கொம்புகள் சிலிக்குப் போய்விட்டன. நான் செலண்டாருக்குப் போனேன். என் பெட்டி, பிள்ளைகளுக்குக் காட்ட நானே கட்டியது. வீட்டுக் கூரையில் இருக்கும் டிவி தட்டின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்குமே ஒரு மூக்கு, அதே உறுப்பு ஓர் அலுமினியக் கொம்பின் அடியில் இருக்கிறது. இரண்டும் பெட்டிக்குள் சேர்ந்து சுழலும். மேலே, பசியாறும் தட்டு அளவுக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூடி, அது சுழலாது. சூடான பொருளைக் கண்டால் ஒலிபெருக்கி குரலை உயர்த்தும். குளிர்ந்ததைக் கண்டால் தாழ்ந்து முனகும். பழைய ஒளியின் தளவிளைவை இதனால் பிடிக்கவே முடியாது. பிடிப்பவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று காட்ட முடியும், அவ்வளவுதான்.

பேருந்து மதியம் இரண்டரைக்குக் கிளம்பியது. சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை நெரிசலில் மூன்று மணி நேரம் ஆனது. கட்டணம் பதினைந்து வெள்ளிக்குள், ரிங்கிட்டுக்கு இங்கே அதுதான் பெயர். பெட்டியைச் சாமான் அறையில் எறியப் பார்த்தார்கள். விடவில்லை, பெட்டிக்கும் ஒரு டிக்கெட் எடுத்துச் சன்னலோரம் உட்கார வைத்தேன். மலாக்கா முனையத்திலிருந்து செலண்டார் முப்பது கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸை நம்பினால் இருட்டிவிடும் என்று செயலியில் கார் பிடித்தேன்: நாற்பத்தைந்து வெள்ளி. ஓட்டியவர் அந்தோணி அங்கிள், நரைத்த மீசை, கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை. பெட்டியைப் பின்சீட்டில் வைத்து நானே பெல்ட் போட்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"என்னாம்மா அது, புள்ள மாதிரி பார்த்துக்கிறே?"

"வானத்துலேர்ந்து வர்ற ஒளியை அளக்கிற கருவி அங்கிள். கொம்பு மாதிரி..."

"அடடே!" பிரேக்கே போட்டுவிட்டார். "கே.எல்.லேர்ந்து பழைய கொம்பு வருதுன்னு சொன்னாங்களே, அது நீதானா?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஸ்டெல்லா வாட்ஸ்அப்பில் போட்டது: "வானத்தின் மிகப் பழைய ஒளியை அறியும் கொம்பு, சனிக்கிழமை காலை பத்து மணி, தோட்ட மண்டபம்." இரண்டாவது குழுவில் 'ஒளியை அறியும்' விழுந்துவிட்டது. மூன்றாவதில் 'வானத்தின்' போனது. அங்கிள் போனுக்கு வந்து சேர்ந்தது இதுதான்: "மிகப் பழைய கொம்பு, சனிக்கிழமை காலை பத்து மணி, தோட்ட மண்டபம், அனைவரும் வருக." யாரோ கீழே ஓம் போட்டிருந்தார்கள், அதற்கும் கீழே யாரோ ஒரு சிலுவை.

"நான் கொம்பு ஊதுறதுன்னு நினைச்சேன்மா. சரி பரவாயில்லை, நாளைக்கும் வர்றேன், ஊதாட்டியும் பார்க்கிறேன்" என்றார். சொன்னபடி மறுநாள் வந்தார். பெட்டியை ஏற்றி இறக்கியதற்குக் காசு வாங்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு மண்டபத்தில் இருந்தோம். செலண்டார் கடைத்தெருவிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண் சாலை. செம்பனைக் குலை லோரி போக அகலமாக இருக்கிறது. பிள்ளைகள் பள்ளி பஸ்ஸுக்கு நடக்க ஓரம் கிடையாது. குலைக்கு இருக்கிற அவசரம் பிள்ளைக்கு இல்லை என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

மண்டப வாசலில் ஒரு வேன் நின்றது. கறுப்பு டி-சட்டையில் ஐந்து இளைஞர்கள், உருமி மேளம், தவில், துணியில் சுற்றிய வளைந்த பித்தளைக் கொம்பு. பெம்பானிலிருந்து வந்த உருமிக் குழு. தலைவன் குணா, வார நாட்களில் லோரி ஓட்டுகிறவன், என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவன். மண்டபப் பொறுப்பாளர் கதவில் கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"இது படிக்கிற நிகழ்ச்சி. உருமி கோஷ்டிக்கு இங்க என்ன வேலை?"

"பழைய கொம்பு பார்க்க வந்தோம் அண்ணே. பார்த்துட்டுப் போயிடுவோம்லா" என்றான் குணா.

"பார்த்துட்டுப் போற மூஞ்சியா இது?"

இப்படித்தான். உருமி அடித்தால் ரவுடி, கறுப்புச் சட்டை போட்டால் குண்டர் கும்பல். திருவிழா வந்தால் மட்டும் இதே பொறுப்பாளர்கள் "பத்து பையன்களைக் கூட்டிட்டு வா" என்று போன் செய்வார்கள். நான் வாயைத் திறக்குமுன் ஸ்டெல்லா முந்திவிட்டாள். "அவங்க என் விருந்தாளிங்க சார். மெசேஜ் போட்டது நான். தப்பாப் போயிருந்தாலும் என் மெசேஜ்தான்." கை இறங்கியது. ஐவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

என் பெட்டியைப் பார்த்ததும் குணாவின் முகம் சுருங்கியது. "இதாக்கா கொம்பு?"

கொம்புதான் என்றேன். அவன் கொம்பு வாயிலிருந்து விரிந்து விரிந்து போவதால்தான் ஊதிய ஒலி உள்ளேயே முட்டித் திரும்பாமல் வெளிக் காற்றில் சறுக்கி இறங்குகிறது. என் கொம்பு அதையே தலைகீழாகச் செய்கிறது: வெளியிலிருந்து வரும் அலையை முட்டாமல் மெல்லக் குறுக்கி உள்ளே இறக்குகிறது. அவன் தன் கொம்பின் வாயையும் என் மூடியையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ உங்களோடது ஊதுற கொம்பு இல்ல, கேக்குற கொம்பு." இத்தனை ஆண்டுகளில் ஆய்வகத்தில் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. பெட்டியை அவர்கள் வாத்தியங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஸ்டெல்லாவும் நானும் பின்கட்டில் பசியாறப் போனோம். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், பால் விடாத தே ஓ. மண்டபத்துப் பெண்கள் காசு வாங்க மறுத்தார்கள்.

பத்து மணிக்குப் பெற்றோரும் பிள்ளைகளுமாக நாற்பது பேர் இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே வானம் தெரியாதாகையால் மேசையோடு திடலுக்குப் போனோம். முதலில் உள்ளங்கையை மூடிக்கு மேலே காட்டச் சொன்னேன். கை வந்ததும் ஒலி எகிறியது. பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். "என் கைதான் ரொம்ப சூடு!" "உனக்குக் காய்ச்சல்லா, வீட்டுக்குப் போ!" கைகளை விலக்கியதும் ஒலி தாழ்ந்தது. மேலே இருப்பது குளிர்ந்த வானம். இப்போது உள்ளே கொம்பைச் சுழற்றுவேன், ஒலி மாறாது என்று சொன்னேன். ஏனென்றால் இந்தச் சின்னப் பெட்டிக்கு வானம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல்தான் தெரியும்.

சுழற்றினேன். ஒலி ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது. ஒரு சுற்றுக்குச் சரியாக இரண்டு முறை.

தளவிளைவு இருந்தால் எப்படி ஆடவேண்டுமோ அப்படியே, பாடப்புத்தகப் படம்போல ஆடியது.

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பாடம் தெரியும். இரண்டு முறை ஏறி இறங்கினால் என்ன அர்த்தம் என்று தெரியும். "ஏய், கிடைச்சிருச்சா?" என்று அவள் கேட்டது கையிலிருந்த மைக்கில் விழுந்துவிட்டது. திடல் முழுக்கக் கைதட்டல். குணாவின் குழுவில் ஒருவன் போனை உயர்த்திப் பிடித்து, "செலண்டார்ல பிரபஞ்சத்தோட முதல் ஒளியைப் பிடிச்சிட்டாங்க மக்களே!" என்று நேரலையில் கத்தினான். தவில்காரன் இரண்டு தட்டு தட்டினான். நின்றிருந்த பிள்ளைகளின் முகங்களில் நான் வந்த காரணம் அத்தனையும் தெரிந்தது.

நான் மட்டும் கைதட்டவில்லை. உண்மையான சிக்னல் இந்தப் பெட்டியின் இரைச்சலுக்குள் கடலில் போட்ட உப்புக்கல். அது இப்படிக் கத்தாது. கத்துகிறது என்றால் பொய்.

ஸ்டெல்லா காதருகே வந்தாள். "பொய்யா?"

"பொய்தான்."

"திங்கட்கிழமை வரைக்கும் விட்டுடேன்" என்றாள். கெஞ்சவில்லை, களைப்பாகச் சொன்னாள். "நாலே நாலு பேருடி."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளை இதுவரை அளந்தவர்கள் எல்லாரும் தங்கள் சாய்வைத்தான் இவர்கள்மேல் ஏற்றிச் சொன்னார்கள். நானும் ஒரு பொய் அளவைக் காட்டி இவர்களை உள்ளே இழுத்தால், எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

மைக்கை வாங்கினேன். "கைதட்டாதீங்க. இது தப்பு. எங்க தப்புன்னு எனக்கும் தெரியலை. சேர்ந்து தேடலாம்."

திடல் அடங்கியது. யாரோ "அதான பார்த்தேன்" என்றார். மண்டபப் பொறுப்பாளராக இருக்கலாம். நான் பிள்ளைகளிடம் ஒரே கேள்வி கேட்டேன்: தப்பு வானத்திலா, பெட்டியிலா? எப்படித் தெரிந்துகொள்வது? யோசனைகள் வந்தன. வேறு நாள் பார்க்கலாம், மேகம் போகட்டும், போனை எல்லாம் அணைக்கலாம். யாழினி என்றொரு பெண், கண்ணாடிக்காரி, மெதுவாகச் சொன்னாள்: "பெட்டியையே திருப்பிப் பார்த்தா? வானம் திரும்பாதுல்ல டீச்சர்."

அதேதான். பாலைவன உச்சியிலும் கருவியை அதன் அச்சிலேயே திருப்பித்தான் இதைச் சோதிக்கிறார்கள். மேசைமேல் பெட்டியைக் கால் சுற்றுத் திருப்பினோம். முன்பு ஒலி உச்சத்துக்குப் போன திசையில் இப்போது பள்ளம். உச்சம் பெட்டியோடு சேர்ந்து திரும்பிவிட்டது. கள்ளன் பெட்டியில்தான்.

குனிந்து மூடியை முதன்முறையாக நன்றாகப் பார்த்தேன். வெள்ளை மூடியில் ஈரச் சந்தனம், மூன்று விரலால் இழுத்த பட்டை. நடுவில் குங்குமப் பொட்டு.

"யாரு போட்டது?"

குணா கையை உயர்த்தினான். "நான்தான்க்கா. வாத்தியத்துக்குப் பட்டை போடாம நாங்க எடுக்க மாட்டோம். உங்களோடதும் கொம்புன்னீங்களேன்னு..." அவன் குரல் இறங்கியது. "கெட்டுப் போச்சாக்கா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. கோடு கோடாக இழுத்த ஈரச் சந்தனம், கோட்டுக்கு இணையாக ஆடும் அலையோடு அதிகம் உறவாடும். குறுக்காக ஆடும் அலையோடு குறைவாக. ஆய்வகத்தில் மெல்லிய கம்பிகளை இணை இணையாக நீட்டி இதே வேலைக்குத்தான் வலை செய்கிறோம். குணா மூன்று விரலால் செய்துவிட்டான். இன்னொன்று: நமக்குச் சந்தனம் குளிர்ச்சி. கருவிக்கு அது கொதிப்பு. அவ்வளவு குளிர்ந்த வானத்துக்கு முன்னால் நம்மூர் வெயிலில் கிடக்கும் எதுவுமே நெருப்புத்தான்.

இதைச் சொன்னதும் திடல் மாறிவிட்டது. ஈரக் காகிதத்தால் துடைத்தேன், ஒலி இன்னும் உயர்ந்தது, தண்ணீரும் சூடுதான். உலர்ந்த துண்டால் துடைத்தபின் பெட்டி ஒரே குரலில் முனகியது, எந்தப் பக்கம் சுழற்றினாலும். "பார்த்தீங்களா, வானத்துக்கே பட்டை நாமம் போட்டுட்டான்!" என்று அந்தோணி அங்கிள் கத்தினார். அப்படியென்றால் நாமமும் போட்டுப் பார்க்கலாம் என்றது கூட்டம். குத்தாகக் கோடுகள் இழுத்தோம்: உச்சம் கால் சுற்று நகர்ந்தது. இப்போது எல்லாரும் ஸ்டெல்லாவைப் பார்த்தார்கள்.

"டீச்சர், நீங்க சும்மா இருந்தா எப்படி?"

அவள் சந்தனத்தில் விரலை நனைத்துச் சிலுவை வரைந்தாள். லேசாக ஆடியது, கீழ்க்கை நீளமாக இருந்ததே காரணம். நான்கு கையையும் சமமாக்கியதும் ஆட்டம் நின்றுவிட்டது. ஒலி மட்டும் மொத்தமாக உயர்ந்து நின்றது. "ரெண்டு பக்கமும் சமமா சூடு இருந்தா வித்தியாசம் தெரியாது" என்று யாழினி மைக் இல்லாமலே கத்திச் சொன்னாள். அன்று நான் எடுக்க வந்த பாடம் முழுவதும் அதில் இருந்தது. நான் எடுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மூன்று பாடத்தேர்வுப் படிவங்கள் பெற்றோர் கையெழுத்தோடு வந்தன. நான்காவது யாழினியுடையது. அவள் அப்பா தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், பேனாவை வாங்கவில்லை. "படிப்பு விஷயம் லெட்சுமிதான். அவளைக் கேக்காம நான் போட்டா, அவ வர்ற அன்னைக்கு வீட்டுல சோறு கிடைக்காது." யாழினியின் அம்மா லெட்சுமி அக்காவுக்குப் புக்கிட் ரம்பாயில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த தொழிற்சாலை பஸ்ஸை நிறுத்தியபிறகு அங்கேயே நான்கு பெண்களோடு வீடெடுத்துத் தங்கி, மாதம் இருமுறை வீட்டுக்கு வருகிறார். மறுநாள் ஞாயிறும் ஓவர்டைம், வீட்டுக்கு வரமாட்டார். கையெழுத்து மையில் இருக்கவேண்டும், போன் படம் செல்லாது.

"வேன் இருக்கு, ஏறுங்க" என்றான் குணா. ஸ்டெல்லாவும் நானும் பெட்டியோடு ஏறினோம்.

செலண்டாரிலிருந்து பெம்பான் இருபது இருபத்தைந்து நிமிடம். குணா வீட்டில் வாத்தியங்களை இறக்கிவிட்டு மதியச் சாப்பாடு: சுடுசோறு, கருவாட்டுக் குழம்பு, சம்பால். அவன் அம்மா என் தட்டைக் காலியாக விடவில்லை. நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அங்கிருந்து புக்கிட் ரம்பாய் முக்கால் மணி நேரம் என்று போன் காட்டியது. மழையில் ஒன்றேகால் மணி. பெட்ரோலுக்குப் பணம் நீட்டியபோது குணா, "அக்கா, பெட்டிக்கே டிக்கெட் எடுத்த ஆளு நீங்க. வேணாம்" என்றான்.

ஏழு மணிக்கு ஷிப்ட் விட்டார்கள். நீலச் சட்டைக்காரர்கள் வாசலில் வழிந்தார்கள்: தமிழ்ப் பெண்கள், மலாய்ப் பெண்கள், நேப்பாளத்து ஆண்கள் சிலர். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களை நடையிலேயே தெரிந்துகொள்ளலாம். லெட்சுமி அக்கா எங்களைக் கண்டதும் போனை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"பார்த்தேன், பார்த்தேன்! ரெஸ்ட் டைம்ல கேன்டீன் முழுக்கக் காட்டினேன். கண்டுபிடிச்சிட்டீங்களாமே! கொண்டாங்க படிவத்தை."

அந்த நேரலை. கைதட்டலோடு முடிந்த பாதி வீடியோ. நான் மைக் வாங்கியது அதில் இல்லை.

ஸ்டெல்லா படிவத்தைக் கொடுத்தாள். அக்கா அதை என் பெட்டிமேல் வைத்துப் பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "சொல்லிடு" என்றாள்.

"அக்கா, அது கண்டுபிடிப்பு இல்ல. பொய் ரீடிங்."

பேனா நின்றது. பின்னால் வந்த பெண்களும் நின்றுவிட்டார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பட்டை, சந்தனம், பெட்டியைத் திருப்பியது. திருப்பச் சொன்னது யாழினி என்பதையும். இந்தக் கருவியால் அந்த ஒளியைப் பிடிக்கவே முடியாது என்பதையும். குணா வேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"அப்போ கேன்டீன்ல நான் மானம் கெட்டேன்" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"இதைப் படிச்சா நல்ல வேலை கிடைக்குமா?"

"எனக்குக் கான்ட்ராக்ட்தான். வருஷா வருஷம் புதுப்பிப்பாங்களான்னு பயம். நல்லது கிடைச்சவங்களும் இருக்காங்க."

"எல்லார் முன்னாடியும் தப்புன்னு நீயே சொன்னியா? யாரும் கேக்காம?"

"யாரும் கேக்கலை."

அவர் பேனாவால் தொழிற்சாலை வாசலைக் காட்டினார். "எங்க லைன்ல ரீடிங் தப்புன்னு வாயைத் திறந்தா, டார்கெட் கெட்டுப்போச்சுன்னு அன்னைக்கே ஏசுவாங்க. அதனால யாரும் சொல்ல மாட்டோம். நானும்தான்." பிறகு கேட்டார்: "பெட்டியைத் திருப்பச் சொன்னது நெஜமா என் மகதானா? என் மனசு குளிரணும்னு சொல்லலையே?"

"நேரலையை நிறுத்தின பிறகும் அந்தப் பையன் மீதியைப் போன்ல எடுத்துக்கிட்டுதான் இருந்தான். காட்டச் சொல்றேன்."

"மொதல்ல அதைக் காட்டுங்க."

வேனுக்குப் பின்னாலிருந்து குணா வந்தான். பையனுக்குப் போன் போட்டு, மீதி வீடியோவை அங்கேயே வரவழைத்தான். நனைந்த சாலையோரம் ஆறேழு நீலச் சட்டைகள் ஒரு சின்னத் திரையைச் சுற்றிக் குனிந்தார்கள். யாழினி மெதுவாகச் சொல்வதும், பிறகு மைக் இல்லாமல் கத்துவதும் கேட்டது. "உன் மகளா லெட்சு? வாயே திறக்காத புள்ளையாச்சே அது!" என்றார் ஒருத்தர். அக்கா திரையை நோக்கி இன்னும் குனிந்தார். கத்தும் இடத்தை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார், பெரிதாக, கோட்டைத் தாண்டி.

"ஒன்னு மட்டும்" என்றார் பேனாவை மூடிக்கொண்டே. "கான்ட்ராக்ட் விஷயத்தை அவகிட்ட இப்போதைக்குச் சொல்லாதே."

"காலையிலேயே கேட்டுட்டாக்கா. சொல்லிட்டேன்."

"சனியனே" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, சாப்பிடாமல் போகக்கூடாது என்று ரொட்டிக் கடைக்கு இழுத்துப் போனார். ரொட்டி சானாய் காசை அவரே கொடுத்தார்.

இந்தப் பயணத்தில் நான் கொடுக்கப் போனது ஒரு பெட்டி. வாங்கி வந்ததைத் தூக்க முடியவில்லை. நன்றி என்று எழுதினால் சம்பிரதாயமாகத் தோன்றும். ஆனாலும் எழுதுகிறேன்: அந்தோணி அங்கிள், குணா, ஸ்டெல்லா, லெட்சுமி அக்கா, யாழினி. இவர்களில் யாருக்கும் இதனால் நயா காசு லாபம் கிடையாது.

இதேபோல் போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உங்கள் துறை எதுவானாலும் சரி, தோட்டத்துப் பள்ளிகளுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ஆனால் முதலில் அங்குள்ள ஆசிரியரிடம் பேசுங்கள், எப்போது தேவை என்று அவர் சொல்லட்டும். பாடத்தேர்வுக்குப் பிறகு போய்ப் பயனில்லை. மலாக்கா முனையத்திலிருந்து உள்ளே போகக் கார் செலவுக்கு ஒதுக்கி வையுங்கள்; திரும்பி வர வண்டி கிடைப்பது கடினம், ஓட்டுநரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வானம் பார்க்கும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியத்துக்குமேல் மழை உங்கள் அட்டவணையைக் கேட்காது. உலர்ந்த துண்டு கொண்டுபோங்கள், ஈரக் காகிதம் உதவாது. அறிவிப்பு எழுதும்போது, எந்தச் சொல் விழுந்தாலும் பொருள் மாறாதபடி எழுதுங்கள். அல்லது மாறட்டும் என்று விட்டுவிடுங்கள், வருகிறவர்களை உள்ளே விடுங்கள். நேரலை போடுகிறவர்களிடம் கடைசிவரை போடச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு ஸ்டெல்லாவிடமிருந்து செய்தி வந்தது: "கிளாஸ் கன்ஃபர்ம். லேப் சாவி மட்டும் தர மாட்டேங்கிறாங்க, பொருள் காணாமப் போயிடுமாம்." சாவி யாரிடம் இருக்கிறது, அவர் பெயர் என்ன என்று கேட்டு அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.